காமிராவும் குருவும்: ஒரு பழைய வினாவின் பரிசீலனை

சங்கீதத்திலும் சிற்பத்திலும் நாட்டியத்திலும் குரு முந்தியவர், நூல் பிந்தியது. தலைமுறை தலைமுறையாகக் கையாலும் குரலாலும் வழங்கிவந்த வித்தையைப் பிற்காலத்தார் யாரோ ஏட்டில் பதிந்துவைத்தனர் என்பதே அக்கலைகளின் பொதுவான சரித்திரம். புகைப்படக் கலையில் இந்த வரிசை தலைகீழாக அமைந்தது. 1839 ஜனவரியில் லூயி டாகேரின் கண்டுபிடிப்பைப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் பிரான்ஸ்வா அராகோ அறிவித்தார். டாகேருக்கு உபகாரச் சம்பளம் வழங்கி உரிமையைப் பெற்ற பிரெஞ்சு அரசாங்கம், அதே ஆண்டு ஆகஸ்டு 19 அன்று செய்முறை முழுவதையும் பகிரங்கப்படுத்தியது. டாகேரின் கைந்நூல் விரைவிலேயே பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டு எங்கும் பரவிற்று. அந்நூலை அருகில் விரித்துவைத்துக்கொண்டு, வெள்ளி பூசிய தகட்டுக்கு அயோடின் ஆவி காட்டி, பின்னர் பாதரச ஆவியில் பிம்பத்தை வரவழைத்த முதல் தலைமுறையாருக்குக் குரு என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இருந்திருக்க முடியாது.

இவ்வாறு நூலைத் துணைக்கொண்டு பிறந்த ஒரு கலைக்கு வழிகாட்டி அவசியந்தானா, அவசியமெனில் எதன்பொருட்டு, அவரிடம் மாணவன் பெறுவது எது, அதற்காக அவன் இழப்பது எது என்னும் வினா 180 ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. பட்டறையில் வேலை செய்தாலன்றி இத்தொழில் கைகூடாது என்பவர்களும், முறையான பள்ளியே தகுந்தது என்பவர்களும், நல்ல புகைப்படக்காரர் யாவரும் தாமே கற்றவர்கள் என்பவர்களும், குருவைக்காட்டிலும் சகாக்களே பயன்படுவர் என்பவர்களும், குருமுறையே ஆதிக்கத்தின் மறுவடிவம் என்பவர்களும் தத்தமக்குரிய உதாரணங்களோடு வாதிட்டு வந்திருக்கின்றனர். இவ்வாதங்கள் ஒன்றையொன்று சந்திக்காமலே போவதற்கு ஒரு காரணம் உண்டென்று தோன்றுகிறது. கைத்தொழிலைக் கற்பித்தல், படத்தை மதிப்பிடும் கண்ணைத் தீட்டுதல், தொழிலுக்குள் நுழைய வாயில் திறந்துவிடுதல் ஆகிய மூன்று உதவிகளையும் ஒன்றாகக் கலந்து பேசுவதே அது. அவற்றைப் பிரித்துவைத்து நோக்கினால், ஒவ்வொரு தரப்பும் எவ்விடத்தில் வலுவுடையது, எவ்விடத்தில் தளர்கிறது என்பது ஓரளவு புலப்படலாம்.

ஸ்டூடியோவின் பயிற்சி

மிகப் பழைய விடை பட்டறையின் விடை. பாரிஸில் குஸ்தாவ் லெ க்ரே தம் முறைகளை 1850 இல் நூலாகவே அச்சிட்டவர். அதற்குப் பின்னும் அவரிடம் நேரில் கற்க வருவோர் நின்றுவிடவில்லை. ஆன்றி லெ செக், ஷார்ல் நெக்ர், எகிப்தியப் பயணத்துக்குப் புறப்படுமுன் வந்த மாக்ஸீம் தூ காம் முதலியோர் அவரிடம் பயின்றவர்களாகச் சொல்லப்படுகின்றனர். நூல் இருந்தும் ஆசிரியர் தேவைப்பட்டது ஏன் என்பதற்கு, எவரும் தாம் சொல்லக்கூடியதற்கு மேலாகவே அறிந்திருக்கின்றனர் என்று பிற்காலத்தில் மைக்கேல் போலான்யி விளக்கிய கொள்கை ஓர் ஆதாரம் ஆகலாம். காகிதம் மெழுகை எவ்வளவு குடித்திருக்கவேண்டும் என்பதும், ரசாயனத் தொட்டியில் பிம்பம் எந்த நிறத்தை எட்டுகையில் எடுத்துவிடவேண்டும் என்பதும் அருகில் நின்று பார்த்தவனுக்கே எளிதில் விளங்கின.

ஐரோப்பாவுக்கு வெளியிலும் நெடுங்காலம் இம்முறையே நிலைத்தது. மாலி நாட்டின் பமாக்கோ நகரில் செய்து கெய்ட்டா, பிரெஞ்சு வியாபாரி பியேர் கார்னியேயிடமும் பள்ளி ஆசிரியரும் புகைப்படக்காரருமான மவுண்டாகா டெம்பெலேயிடமும் தொழிலறிந்து 1948 இல் ஸ்டூடியோ தொடங்கினார். அதே நகரில் 1955 இல் ஜெரார் கியாவின் கடையில் வேலைக்குச் சேர்ந்த மாலிக் சிடிபே மூன்றாண்டுகளில் தனிக்கடை வைத்தார். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் கதையும் பெரிதும் இத்தகையதே. படங்களைத் தண்ணீரில் அலசிக் காயப்போடுதல், ஓரம் வெட்டி அட்டையில் ஒட்டுதல், பின்னர் பென்சில் கொண்டு நெகட்டிவில் ‘டச்சிங்’ செய்தல், அப்பால் இருட்டறை, கடைசியில் காமிரா என்று பையன் படிப்படியாக மேலேறினான். இந்த வரிசை கவனிக்கத்தக்கது. ஜீன் லேவ் என்னும் மானிடவியலார் லைபீரியா நாட்டுத் தையற்கடைகளை ஆராய்ந்தபோது, அங்கே பழகுபவன் பொத்தான் தைப்பதும் விளிம்பு மடிப்பதும் போன்ற முடிவுவேலைகளில் தொடங்கித் துணி வெட்டும் முதல்வேலைக்குக் கடைசியாகவே வந்து சேர்கிறான் என்று கண்டார். எட்டியென் வெங்கருடன் சேர்ந்து அவர் 1991 இல் எழுதிய நூலில் இது முக்கிய உதாரணமாகிறது. தவறினால் நஷ்டம் குறைவான வேலையிலிருந்து நஷ்டம் மிகுந்த வேலைக்குச் செல்வதும், முடிந்த பொருள் எப்படியிருக்கவேண்டும் என்பதை முன்னதாகவே அறிந்துகொள்வதும் இதன் பயன்கள். நம் ஸ்டூடியோப் பையனும், தான் ஒரு படமும் எடுக்குமுன் பிறர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைக் கையால் தொட்டு, எது நின்றது, எது தவறியது என்று கண்டிருப்பான்.

இம்முறையின் பலவீனங்கள் இரண்டு. ஒன்று, அது பழக்கத்தையே காக்கும் இயல்புடையது. மணமகளின் தலை எந்தக் கோணத்தில் சாயவேண்டும் என்பதை ஸ்டூடியோ கற்றுத்தந்தது, ஏன் சாயவேண்டும் என்று கேட்கக் கற்றுத்தரவில்லை. மற்றொன்று, அது கற்பித்த கைத்தொழிலின் பெரும்பகுதியை யந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒளியளவும் குவியமும் காமிராவுக்குள்ளேயே அமைந்தன; வர்ண ‘லேப்’ வந்தபின் இருட்டறை மூடப்பட்டது; எஞ்சிய நுணுக்கங்களையும் கணினியே செய்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் திரட்டிக் கணினிப் பிரதிகளாக்கியிருக்கிறது. இத்தகைய படங்களின் அட்டைகளில் ஸ்டூடியோவின் பெயர் அலங்கார எழுத்தில் இருக்கும்; அலசியவன், ஒட்டியவன், ‘டச்’ செய்தவன் பெயர் இராது. பட்டறை முறையின் பயனைக் கணிக்க விரும்புவோருக்கு இந்த மௌனம் பெரிய இடையூறு.

பள்ளிக்கூடத்தின் வாதம்

பட்டறை பழக்கத்தைக் கற்பிக்கிறது, பள்ளி காரணத்தைக் கற்பிக்கும் என்பது இரண்டாம் தரப்பு. இது நம் நாட்டுக்கு வெகு சீக்கிரமே வந்து சேர்ந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850 இல் சென்னையில் ஸ்தாபித்த கலைத்தொழிற் பள்ளியில் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் புகைப்படமும் பாடமாயிற்று. 1856 இல் ஏற்பட்ட சென்னைப் புகைப்படச் சங்கத்திலும் அவர் முக்கியஸ்தர். ஜெர்மனியில் பவ்ஹவுஸ் பள்ளியில் வால்ட்டர் பீட்டர்ஹான்ஸ் 1929 இல்தான் முறையான புகைப்பட வகுப்பைத் தொடங்கினார் என்பதை நினைத்தால், சென்னையின் முந்துகை வியப்பளிக்கும்.

பள்ளியின் வாதத்துக்கு மிக நல்ல சாட்சி, நியூயார்க்கில் கிளாரென்ஸ் ஒயிட் 1914 இல் தொடங்கிய பள்ளி. ஒயிட் மென்மையான, மங்கல் ஒளியில் தோய்ந்த படங்களின் ரசிகர். ஆனால் அவரிடம் பயின்ற பால் அவுட்டர்பிரிட்ஜும் மார்கரெட் பூர்க்-ஒயிட்டும் ரால்ஃப் ஸ்டெய்னரும் கூர்மையான கோடுகளும் யந்திரங்களும் நிறைந்த உலகத்துக்குச் சென்றுவிட்டனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வகுப்பிலிருந்த டாரோதியா லாங், கொடுத்த பயிற்சிகளைத் தாம் செய்ததேயில்லை என்றும், அவர் அதற்காக வற்புறுத்தியதுமில்லை என்றும், வார்த்தைத் தெளிவற்ற அந்த மனிதரே தமக்கு வாய்த்த அபூர்வ ஆசிரியர் என்றும் முதுமையில் நினைவுகூர்ந்தார். இங்கே ஒரு முரண் உண்டு. பள்ளியின் பெருமைக்குக் காட்டப்படும் இவ்வுதாரணத்தில் பாடத்திட்டம் செய்தது சொற்பம், ஆசிரியரின் பிரசன்னம் செய்தது அதிகம்.

எதிர்த்திசையில் டுஸ்ஸல்டார்ஃப் கலைக்கழகத்தைச் சொல்லலாம். 1976 முதல் அங்கே கற்பித்த பெர்ன்ட் பெக்கர், தம் மனைவி ஹில்லாவோடு சேர்ந்து நீர்த்தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் ஒரே ஒளியில், ஒரே கோணத்தில், வரிசை வரிசையாகப் படமெடுத்தவர். அவருடைய மாணவர்களான தாமஸ் ஸ்ட்ரூத், காண்டிடா ஹோஃபர், தாமஸ் ரூஃப், ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி ஆகியோரை உலகம் ஒரே பள்ளியின் பெயரால் அழைக்கிறது. ஆசிரியரின் முத்திரை அவர்கள்மேல் அழுந்திவிட்டது என்று குறை சொல்வோர் உண்டு. அந்த முத்திரையே அவர்களுக்குச் சந்தையில் முகவரியாயிற்று என்று பதில் சொல்வோரும் உண்டு. இரண்டும் உண்மையாயிருக்கக்கூடும்.

தாமே கற்றவர்கள்

மூன்றாம் தரப்பே பொதுமக்களுக்கு மிகவும் பிடித்தமானது. தம் 48 ஆம் வயதில், 1863 இல், மகளும் மருமகனும் பரிசளித்த காமிராவைக்கொண்டு தொடங்கிய ஜூலியா மார்கரெட் கேமரன், கலையைப்பற்றி ஒன்றுமறியாமலே இறங்கியதாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். பின்னர் இலங்கையில் குடியேறி, அங்கும் படமெடுத்து, 1879 இல் அங்கேயே மறைந்த அவ்வம்மையாரின் கதை சுயகல்விக்குப் பிரமாணமாகவே வழங்கிவருகிறது. ஆயினும், நெகட்டிவ் என்ற சொல்லையே இத்துறைக்குத் தந்த விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் அவருடைய நெடுநாள் நண்பர். புகைப்படத்தின் ஆரம்பகாலப் படங்களைக் கேமரனுக்கு அனுப்பிவைத்தவரும் ஹெர்ஷலே. மிக நெருங்கிநின்று முகத்தை எடுக்கும் பாணியில் முன்னோடியான டேவிட் வில்கி வின்ஃபீல்டிடம் தாம் பாடம் கேட்டதைக் கேமரன் ஒப்புக்கொண்டிருக்கிறார். விவியன் மையர் இன்னும் தீவிரமான உதாரணம்: குழந்தைகளைப் பராமரிக்கும் வேலையிலிருந்துகொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை எவருக்கும் காட்டாமல் குவித்துவைத்தவர், 2007 இல் சிக்காகோ ஏலமொன்றில் அவை வெளிப்பட்டன. ஆனால் 1930 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிக்கணக்கில் சிறுமி விவியனும் தாயாரும் வசித்த வீட்டின் தலைவியாகப் பதிவாகியிருப்பவர் ழான் பெர்த்ரான் என்ற புகைப்படக்காரி. அவர் அந்தக் குழந்தைக்கு ஏதேனும் கற்பித்தாரா என்பதற்குச் சான்று இல்லை. முற்றிலும் தனியே முளைத்தவர் என்ற கூற்றை நிதானித்துச் சொல்லவேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனின் விஷயம் வேறு விதமானது. அவர் காமிராவை ஒருவரிடமும் கற்கவில்லை. ஓவியத்தை ஆந்த்ரே லோத்திடம் கற்றார், சட்டத்துக்குள் உருவங்களை அடுக்கும் கணித ஒழுங்கு அங்கிருந்து வந்தது. டாங்கனியிக்கா ஏரியின் அலைக்குள் ஓடும் மூன்று சிறுவரை மார்ட்டின் முன்காச்சி எடுத்திருந்த ஒரு படமே தம்மைப் புகைப்படத்தின்பால் திருப்பியது என்று அவர் சொல்லிவந்தார். காணாத குருவின் உருவத்தை முன்வைத்துக் கற்ற ஏகலைவனை இவ்விடத்தில் உதாரணம் காட்டுவது எழுதுவோர் வழக்கம். அக்கதையில் வேடச்சிறுவனை நேரில் ஏற்க மறுத்தது யார், பின்னர் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டது யார் என்பதை மட்டும் அவர்கள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

தாமே கற்றவர் என்னும் தரப்பின் உண்மையான வலு, கைத்தொழிலுக்கு ஆசிரியர் இன்றியமையாதவர் அல்லர் என்று காட்டுவதில் இருக்கிறது. அதன் பலவீனம், வென்றவர்களை மட்டும் எண்ணுவது. வழிகாட்டி இல்லாமையால் கலையைக் கைவிட்டவர் எத்தனைபேர் என்பது சரித்திரத்தில் ஏறுவதில்லை. அவ்வாறே வழிகாட்டியினாலேயே கைவிட்டவர்களும் ஏறுவதில்லை.

தேர்ந்தெடுக்கும் கண்

இப்போது இந்தக் கலைக்கே உரிய ஒரு தன்மையை நினைவுகொள்ள வேண்டும். ஓவியன் ஒரு படத்தை வரைகிறான். புகைப்படக்காரன் பல படங்களை எடுத்து அவற்றில் ஒன்றைத் தன் படம் என்று ஏற்கிறான். ராபர்ட் ஃபிராங்க் 1955 க்குப்பின் அமெரிக்காவைச் சுற்றி எடுத்தவை 767 ஃபிலிம் சுருள்கள். ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலில் இடம்பெற்றவை 83 படங்கள். ஆகவே எடுக்கும் விநாடிக்கு நிகராக, சுருளிலுள்ள படங்கள் யாவும் ஒரே தாளில் சிறிதாக அச்சான கான்டாக்ட் ஷீட்டின்மேல் சிவப்புப் பென்சிலோடு குனியும் நேரமும் இக்கலையில் படைப்பாகிறது. அங்கே தான் எடுத்ததைத் தானே காண்பது மிகவும் கடினம். எடுத்தபோது வீசிய காற்றும், பட்ட சிரமமும், அந்த மனிதரிடம் கொண்ட பரிவும் படத்தில் இல்லாதபோதும் எடுத்தவன் கண்ணுக்கு இருப்பதாகவே படும். அவற்றை அறியாத ஒரு நல்ல கண் தாளில் உள்ளதை மட்டும் பார்க்கும். வழிகாட்டியின் மெய்யான பயன் பெரும்பாலும் இவ்விடத்திலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

உதாரணங்கள் இதையே காட்டுகின்றன. பள்ளி ஆசிரியராயிருந்த லூயிஸ் ஹைன் 1907 இல் தம் மாணவர்களை நியூயார்க்கின் ‘291’ கூடத்துக்கு அழைத்துச் சென்றபோது அவர்களில் ஒருவன் பால் ஸ்ட்ராண்ட். பின்னாளில் அவன் தன் படங்களை, அக்கூடத்தை நடத்திய புகைப்படக்காரர் ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸிடம் காட்டிக் குறைகேட்டு வந்தான். மென்குவிய லென்ஸினால் புல்லும் நீரும் கல்லும் ஒரே பொருள்போல் ஆகிவிடுகின்றன என்று அவர் சுட்டியது, ஸ்ட்ராண்டின் போக்கையே மாற்றியது. ‘காமிரா ஒர்க்’ பத்திரிகையின் 1917 ஆம் ஆண்டுக் கடைசி இதழ் முழுவதும் ஸ்ட்ராண்டின் படங்களுக்கே ஒதுக்கப்பட்டது. லென்ஸை எவ்வாறு பயன்படுத்துவது என்பது ஸ்ட்ராண்டுக்குத் தெரியும். அதன் விளைவைப் பார்ப்பதற்கு இன்னொருவர் வேண்டியிருந்தார். டயான் ஆர்பஸும் 1956 இல் புகைப்படக்காரி லிசெட் மாடலின் வகுப்பில் சேர்ந்தபோது கணவரோடு சேர்ந்து நாகரிக உடைப் படங்களில் தேர்ந்த தொழிலாளியாகவே இருந்தார். தாம் எதை எடுக்க அஞ்சுகிறோமோ அதுவே தம் விஷயம் என்று ஒப்புக்கொள்ளும் துணிவே அவர் அங்கே பெற்றது.

இத்தகைய கண் புகைப்படக்காரருடையதாகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ரிச்சர்ட் அவெடனுக்கும் இர்விங் பென்னுக்கும் ஆசானாக விளங்கிய அலெக்ஸி பிரோடோவிச் தொழிலால் பத்திரிகை வடிவமைப்பாளர். 1943 ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தைப் படமெடுக்கச் சுநில் ஜானாவை உடனழைத்துச் சென்ற பி. சி. ஜோஷி கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர். அந்த இளைஞரின் படங்கள் மேடைப்பேச்சு சாதிக்காததைச் சாதிக்கும் என்று கண்டதே அவருடைய பங்கு. தபேலா வித்துவான் ஜாகிர் உசேனைத் தம் குரு என்று புகைப்படக்காரர் தயானிதா சிங் சொல்வது இன்னும் விசேஷமானது. 1986 இல் வெளிவந்த அவருடைய முதல் நூலுக்கு ஜாகிரே விஷயம். அவரிடம் கற்றதாக அவர் சொல்வதோ ஒரே காரியத்தை நாள்தோறும் சலியாமல் செய்யும் சாதகம். காமிரா அந்தக் கல்வியில் வரவேயில்லை.

குருவின் பாணி சிஷ்யனை விழுங்கிவிடும் என்ற அச்சத்துக்கு ஜப்பான் ஒரு பதில் தருகிறது. மொரியாமா டைடோ 1961 முதல் ஏறத்தாழ மூன்றாண்டு ஹோசோ எய்கோவிடம் உதவியாளாக இருந்து, எழுத்தாளர் மிஷிமாவை வைத்து ஹோசோ நாடகம்போல் அமைத்து எடுத்த படங்களை இருட்டறையில் அச்சிட்டவர். பின்னர் அவர் எடுத்த தெருப்படங்களோ கரடுமுரடானவை, ஆடியவை, திட்டமே இல்லாதவை போன்றவை. கறுப்பை எவ்வளவு ஆழமாக அச்சிடலாம் என்ற ஒன்றைத் தவிரக் குருவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டதாகப் பார்வைக்குத் தெரிவது மிகக் குறைவு. இந்த ஓர் உதாரணத்தால் பொதுவிதி பிறந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஜப்பானிலேயே வேறொரு வழியும் இருந்தது. 1950 முதல் ‘காமிரா’ பத்திரிகையின் மாதப்போட்டிக்கு வந்த படங்களை டோமோன் கென் அச்சிலேயே கடுமையாக விமரிசித்து வந்தார். அவர் முகத்தையே காணாத அநேக இளைஞர்கள் அந்தப் பக்கங்களைப் படித்து வளர்ந்தனர். அமெரிக்காவில் 1936 முதல் 1951 வரை இயங்கிய நியூயார்க் ஃபோட்டோ லீக்கிலும், 1963 இல் கறுப்பினப் புகைப்படக்காரர் கூடி, ராய் டிகராவாவை முதல் தலைவராகக் கொண்டு அமைத்த கமோயிங்கே சங்கத்திலும், படங்களைச் சுவரில் பொருத்திச் சகாக்களே ஒருவருக்கொருவர் குறைநிறை கூறும் வழக்கம் இருந்தது. பத்திரிகைகளும் காட்சிக்கூடங்களும் தம்மைப் பாராது இருந்த காலத்தில் கமோயிங்கே அங்கத்தினர்களுக்குத் தம்மினத்தாரின் கண்ணே கண்ணாயிற்று. சகாக்களின் சபைக்கும் ஒரு குறை உண்டு: நாளடைவில் எல்லோருக்கும் ஒரே ரசனை படிந்துவிடலாம், ஃபோட்டோ லீக்கைப்போல ஒரு கொள்கையால் கூடியவர்களிடம் கொள்கையே படத்தின் தகுதிக்கு அளவாகிவிடவும் கூடும்.

வாயில் திறப்பவரும் வாயில் காப்பவரும்

மூன்றாவது உதவியான வாயில்திறப்பைப்பற்றிப் பேசும்போது பலர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்; பலன் கண்கூடாகத் தெரிவது இதில்தான். ஃபிராங்கின் அமெரிக்கப் பயணத்துக்குப் பணமளித்த குகன்ஹைம் உதவித்தொகைக்கு அவருக்குத் துணைநின்றவர் மூத்த புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ். சிவில் எஞ்சினியரிங் படித்த ரகு ராய்க்குக் காமிராவைக் கையில் தந்த வழிகாட்டி அண்ணன் எஸ். பால், 1977 இல் மேக்னம் என்னும் புகைப்படக்காரர் அமைப்புக்கு அவர் பெயரை முன்மொழிந்தவர் கார்த்தியே-பிரெஸ்ஸோன். ஜோகன்னஸ்பர்க்கின் ‘டிரம்’ பத்திரிகையில் டிரைவராகச் சேர்ந்த பீட்டர் மகுபானே, ஜெர்மனியில் பிறந்த யூர்கன் ஷாடபர்கின் இருட்டறையில் உதவியாளாகி, இனஒதுக்கல் காலத்தின் முதன்மையான சாட்சிகளுள் ஒருவரானார். தமிழ்ப் பத்திரிகைகளுக்குப் படமெடுத்து வந்த கே. வி. ஆனந்த் பி. சி. ஸ்ரீராமிடம் உதவியாளாகச் சேர்ந்தபின்பே சினிமா ஒளிப்பதிவாளராக உருவாகி, முதற்படத்திலேயே தேசிய விருதும் பெற்றார்.

வாயிலைத் திறக்கும் கையே அதை மூடவும் வல்லது என்பது குருமுறையைக் கண்டிப்போரின் வாதம், அதைப் புறக்கணிப்பதற்கில்லை. யார் அண்ணன் உள்ளவர், யார் கடையில் பையனாகச் சேரக்கூடிய குலத்தவர், யார் இரவில் இருட்டறையில் தங்கினாலும் ஊர் பேசாத பாலினத்தவர் என்பவையெல்லாம் திறமைக்கு முன்னதாகவே தீர்மானமாகிவிடுகின்றன. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் எனப்படும் ஹோமாய் வியாரவாலா தொழிலைக் கற்றது பின்னாளில் தம் கணவரான மானெக்ஷாவிடம். அவருடைய ஆரம்பப் படங்கள் கணவர் பெயரிலேயே அச்சாயின. பாரிஸில் மான் ரேயிடம், புகைப்படம் அறியாத ஓர் ஆளே வேண்டும் என்ற காரணத்தால் உதவியாளாகச் சேர்ந்த பெரனீஸ் அபட், மூன்றாண்டுகளுக்குள் தமக்கென வாடிக்கையாளர் திரண்டதும் 1926 இல் விலகித் தனி ஸ்டூடியோ வைத்தார். அவருக்குப்பின் அங்கே வந்த லீ மில்லரும் மான் ரேயும் சேர்ந்து பணிபுரிந்த காலத்துப் படங்களில் எது யாருடையது என்னும் விவகாரம் இன்றும் முற்றுப்பெறவில்லை. ஸ்டீக்லிட்ஸோ தம் இளைய சகாவான புகைப்படக்காரர் ஸ்டைக்கனோடும் பிரிந்தார், 1930 களின் தொடக்கத்தில் ஸ்ட்ராண்டோடும் பிரிந்தார். சிஷ்யன் சமமாக வளர்ந்தபின் அதைச் சகிக்கும் சக்தி குருவிடம் எளிதில் காணப்படுவதில்லை போலும். இக்காலத்தில் ஊதியமின்றி உதவியாளை வைத்துக்கொள்வதும், பழகும் பெண்ணிடம் முறைகேடாக நடப்பதும் பல நாடுகளில் வெளிப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒருசிலர் குணக்கேடு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. கற்பிப்பவரே வேலைதருபவராகவும் சிபாரிசு செய்பவராகவும் இருக்கும் அமைப்பு அவற்றுக்கு இடமளிக்கிறது.

இதற்கு மாற்றாகவே சில ஸ்தாபனங்கள் எழுந்தன. டேவிட் கோல்ட்பிளாட் முன்னின்று ஜோகன்னஸ்பர்க்கில் 1989 இல் ஏற்படுத்திய மார்க்கெட் போட்டோ ஒர்க்ஷாப், நிறத்தின் பெயரால் கல்வி மறுக்கப்பட்டோருக்கு இடந்தந்தது. டாக்காவில் ஷாஹிதுல் ஆலம் 1998 இல் தொடங்கிய பாட்சாலா, தெற்காசியாவின் கதையைத் தெற்காசியரே எடுக்கவேண்டும் என்ற நோக்குடையது. வாயிலை ஒருவர் கையிலிருந்து ஒரு நிறுவனத்தின் கைக்கு மாற்றுவது அநீதியைக் குறைக்கும் என்பதை ஏற்கலாம். அறவே நீக்கும் என்று சொல்லத் துணிவில்லை.

அளக்கும் முயற்சிகள்

மேற்கே 1980 கள் முதல் இவ்விஷயத்தைக் கணக்கால் அளக்கும் முயற்சி நடந்துவருகிறது. கேத்தி கிராம் 1985 இல் எழுதிய நூல், வழிகாட்டல் தொழில்முன்னேற்றத்துக்கு உதவுவதென்றும், மனத்துணையாவதென்றும் இருவகைப்படும் எனப் பிரித்தது. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2004 இல் டாமி ஆலனும் சகாக்களும் வெளியிட்ட கணிப்பில், வழிகாட்டி உடையோர் சம்பளத்திலும் பதவி உயர்விலும் பெற்ற அனுகூலம் சிறிதென்றும், தொழிலில் மனநிறைவு போன்றவற்றில் அது சற்றே மிகுதியென்றும் தெரிந்தது. 2008 இல் வந்த விரிவான மற்றொரு தொகுப்பாய்வும் பயன் உண்டு, ஆயின் பெரிதன்று என்ற முடிவுக்கே வந்தது.

இவ்வெண்களைப் புகைப்படக்காரர்மேல் அப்படியே ஏற்றுவது பொருந்தாது. அவை பெரும்பாலும் அலுவலகங்களையும் கல்விச்சாலைகளையும் பற்றியவை; தனித்து உழைத்து, படத்துக்குப் படம் கூலி பெறுபவனுக்குப் பதவி உயர்வு ஏது? அதைவிட ஆழமான இடர் ஒன்று உண்டு. திறமையுள்ளவனையே வழிகாட்டி தேடி ஏற்கிறார் என்றால், பின்னர் அவன் அடையும் வெற்றியில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அவனுடையது என்று பிரிப்பது எப்படி? ஸ்ட்ராண்ட் ஸ்டீக்லிட்ஸைக் காணாதிருந்தால் என்னவாகியிருப்பார் என்ற வினாவுக்குச் சோதனைச்சாலை இல்லை. ஆயினும் அந்த ஆய்வுகள் ஓர் எச்சரிக்கையைத் தருகின்றன: குருபக்தியோடு எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகள் காட்டும் அளவுக்குப் பயன் பெரிதாக இராமற்போகலாம்.

தீராது நிற்பவை

இதுவரை கண்டவற்றுள், கைத்தொழிலுக்கு வழிகாட்டி அவசியம் என்ற தரப்பு காலத்தால் பெரிதும் தளர்ந்துவிட்டது என்று கூறலாம். படத்தைத் தேர்ந்து மதிப்பிடுவதற்கு இன்னொருவர் கண் பயன்படும் என்பதற்குச் சான்றுகள் பல. அந்த இன்னொருவர் மூத்தவராகவோ புகைப்படக்காரராகவோ ஒரே ஒருவராகவோ இருக்கவேண்டும் என்பதற்குச் சான்று குறைவு. வாயில்திறப்பின் பயன் ஐயத்துக்கிடமற்றது. அதன் நியாயமே ஐயத்துக்குரியது. இவ்வளவோடு நிற்பதே தற்போதைக்கு நிதானம்.

தீராதவை சில எஞ்சுகின்றன. கான்டாக்ட் ஷீட்டில் 36 படங்களும் அழியாமல் நின்றதனால், எதை எடுத்தான், எதை விட்டான் என்பதைக் குருவும் பின்வந்த ஆராய்ச்சியாளரும் ஒருங்கே காணமுடிந்தது. இன்று தவறிய படம் அந்த இடத்திலேயே நீக்கப்படுகிறது. வழிகாட்டியின் முன் வருவது ஏற்கனவே வடிகட்டப்பட்டது. தவற்றைப் பார்க்காத கண் எதைத் திருத்தும் என்பதை ஆசிரியர்கள் இன்னும் தம்மளவில் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். படத்தை ஆயிரக்கணக்கான அந்நியர் உடனுக்குடன் விரும்புவதும் ஒதுக்குவதும் டோமோன் கென்னின் பத்திரிகைப் பக்கம் செய்த வேலையைச் செய்யுமா என்பதும் அவ்வாறே. டோமோன் ஏன் பிடிக்கவில்லை என்று எழுதினார்; கூட்டம் காரணம் சொல்வதில்லை. இது பெரிய வேற்றுமை என்றே தோன்றினாலும், காரணம் சொல்லப்படாத கிளாரென்ஸ் ஒயிட்டின் வகுப்பிலிருந்தும் ஒரு டாரோதியா லாங் வந்திருப்பதால், தீர்மானமாகச் சொல்ல நா எழவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது விலகியவர்களின் கணக்கு. இருட்டறையில் ஓராண்டு இருந்துவிட்டு வேறு தொழிலுக்குப் போன பையன்கள், வகுப்பில் பாதியில் நின்ற பெண்கள், குருவின் ஒரு சொல்லால் காமிராவை விற்றுவிட்டவர்கள் ஆகியோர் கதை சேராதவரை, வழிகாட்டலின் மதிப்பைப்பற்றிய எந்தக் கணிப்பும் ஒருபக்கத் தராசாகவே நிற்கும். பழைய ஸ்டூடியோப் படங்களைத் திரட்டுவோர் அவற்றோடு கடைகளின் சம்பளப் புத்தகங்களையும், கலைப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளையும் தேடத் தொடங்கினால், அட்டையில் பெயரில்லாதவர்களுள் சிலரேனும் அகப்படக்கூடும். அவர்களில் எத்தனைபேர் எத்தனை நாள் தங்கினர், எவர் பின்னாளில் தனிக்கடை வைத்தனர் என்பதைக் கொண்டு இவ்வினாவை வேறுவிதமாகத் தொடங்கலாம்.